எறும்புகூட நுழையாது

“புது வீட்டுக்குப் போய் வருஷமாகப் போகுது. ஒரு நாளாவது கூப்பிட்டு ஒரு காபி கொடுத்தியாடா? உன் வீட்டு வாசல் எந்தத் திசையில இருக்குன்னுகூட எனக்குத் தெரியாது” என்றார் மேனேஜர்.

ஏணி உச்சியில் நின்று கூரையில் வைஃபை பெட்டியைத் திருகிக்கொண்டிருந்தவன் குனிந்து பார்த்தான். “நீ விட்டாத்தானேடா நானே வீட்டுக்குப் போக முடியும்? கூப்பிட்டுட்டு நான் இல்லாம இருந்தா நல்லாவா இருக்கும்?”

கம்பெனியில் எல்லோரும் அவனைக் கேபிள் என்றுதான் கூப்பிடுவார்கள். அவனும் மேனேஜரும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். ஒருத்தர் தேறினார், ஒருத்தன் பாதியில் நின்றான். வேலையில்லாமல் தெருப்பொறுக்கிக்கொண்டிருந்தவனை இந்த ரத்தப் பரிசோதனைக் கம்பெனிக்குள் இழுத்துவந்து உட்கார வைத்தவர் மேனேஜர்தான். அந்த நன்றிக்குக் கேபிள் மாடாக உழைத்தான்.

கம்பெனி வளரப் போகிறது. ஆட்கள் இரண்டு மடங்காவார்கள், ஊருக்கு ஊர் கிளை வரும். அத்தனை கம்ப்யூட்டரையும் தாங்குகிற நெட்வொர்க்கை இப்போதே போட்டுவைக்க வேண்டும். அதற்காகத்தான் தரைக்குக் கீழே இந்தப் புது ஹால். படியிறங்கினால் போனில் சிக்னல் செத்துவிடும். இனி இங்கே கேபிள் போட்ட வைஃபைதான் கதி.

வேலை முடிகிற நேரம் பார்த்து மேனேஜர் இன்னொன்றை இழுத்து விடுவார். “மேல் மாடிக்கும் சேர்த்து வயர் ஓட்டிடு. பின்னால வளரும்போது சுவரை உடைச்சுக்கிட்டு நிக்கக் கூடாது.” அதை முடித்தால், “கிளைக்குப் போய் அளவெடுத்துட்டு வந்துடு. உன்னை விட்டா நான் யாரை நம்புறது?” இந்த ஒரு பேச்சு போதும், கேபிள் மெழுகாக உருகிவிடுவான்.

நெட்வொர்க் முழுவதற்கும் அவனையே தலைவனாகப் போடச் சொல்லி மேனேஜர் சிபாரிசும் செய்திருந்தார். முதலாளி டாக்டரம்மா இன்று வந்து பார்த்துச் சரி என்றால் பதவி உறுதி. அப்புறம் கீழே ஆள் வைத்துக்கொள்ளலாம். சாயங்காலமானால் மனுஷனைப் போல வீடு போய்ச் சேரலாம்.

காலையில்கூட மனைவி கேட்டாள். “இன்னைக்கும் லேட்டாத்தான் வருவீங்களா?”

“இன்னையோட சரி. நாளையிலேருந்து சீக்கிரம் வந்துடுவேன்.”

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனாள். சொல்லிச் சொல்லி ஏமாற்றியதில் வெறுத்துப்போயிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டான்.

மேனேஜர் டாக்டரம்மாவை அழைத்து வர மேலே போனார். கேபிள் ஏணியிலிருந்து இறங்கி, முதல்முறையாக எல்லாப் பெட்டிகளுக்கும் உயிர் கொடுத்தான். அவன் போனும் லேப்டாப்பும், எஜமானைக் கண்ட நாய் போல, தாமாகவே வைஃபையில் ஒட்டிக்கொண்டன.

சோதனை முடியும்வரைக்கும் தன் வீட்டு வைஃபையின் ‘மொட்டைமாடி’ என்ற பெயரையும் பாஸ்வேர்டையுமே இதற்கும் வைத்திருந்தான். ஒரு தடவை பாஸ்வேர்டு வாங்கிய போன் அதை மறக்காது. ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டிருக்க வேண்டாம். அவனுக்கும் மனைவிக்கும் தவிர அது வேறு யாருக்கும் தெரியாது என்பதால் பயமும் இல்லை. ஒப்படைக்கும்போது மாற்றிவிட்டால் போயிற்று.

டாக்டரம்மா செருப்புச் சத்தம் எதிரொலிக்க இறங்கி வந்தார். கூரையைப் பார்த்தார், வயர்களைப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

“வயர் அழகாத்தான் இருக்கு. நோயாளிங்க ரிசல்ட் எல்லாம் இதுலதான் ஓடப்போகுது. கண்டவன் உள்ள புகுந்தா என் மானம் சந்தி சிரிக்கும். பூட்டு எப்படி?”

“எறும்புகூட நுழையாது மேடம். பாஸ்வேர்டை நான் யாருக்கும் கொடுக்கலை. மேனேஜர் சாருக்கே தெரியாது.”

“கேட்டாலும் கொடுக்க மாட்டான் மேடம். கல்லுளிமங்கன்” என்று மேனேஜர் அவன் தோளைத் தட்டினார்.

டாக்டரம்மா தன் போனில் தட்டிப் பார்த்தார். அது பாஸ்வேர்டு கேட்டுக்கொண்டு நின்றது. தலையை மெல்ல ஆட்டினார்.

அப்போது மேனேஜரின் சட்டைப்பைக்குள் டிங் என்றது. தொடர்ந்து டிங், டிங் என்று சில மெசேஜ்கள் கொட்டின.

“எறும்பு நுழையாதுன்னே. யானையே புகுந்துடுச்சு போலிருக்கே” என்றார் டாக்டரம்மா.

மேனேஜர் போனை உருவினார். “நான் எதையும் தொடலை மேடம். தானா ஒட்டிக்கிச்சு. பூட்டு விஷயத்துல கவனமா இருடான்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். எங்கேயோ திறந்து போட்டிருக்கான். இவனைப் போய்த் தலைவனா போடுங்கன்னு சொன்ன என்னைச் சொல்லணும். இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகலை, வேற ஆளைப் பார்த்துடலாம்…”

டாக்டரம்மா அந்தப் போனை வாங்கிப் பார்த்தார். “மொட்டைமாடின்னு காட்டுது. இதுதான் நீ போட்ட வைஃபையா?”

“ஆமா மேடம்.”

மொட்டைமாடி என்ற பெயரைக் கேட்டதும் மேனேஜரின் பேச்சு நின்றுவிட்டது. கேபிள் அவரைப் பார்த்தான். அவர் புதிதாகப் பூசிய சுவரைப் பார்த்தார். போனைத் திரும்ப வாங்கிக்கொள்ளக் கை நீட்டவில்லை.

“அங்க என்ன பார்வை? என்கிட்ட சொல்லு” என்றார் டாக்டரம்மா. “இதுல ஓட்டை இருக்கா, இல்லையா? இருந்தா இந்த வேலையை உன்கிட்ட கொடுக்க மாட்டேன்.”

“இல்லை மேடம். நெட்வொர்க் சரியாத்தான் இருக்கு.”

“அப்புறம் இந்தப் போன் எப்படி உள்ள வந்தது?”

கேபிள் ஏணியை மடக்கிச் சுவரோரம் சாய்த்தான். கையைத் துடைத்துக்கொண்டான்.

“இவன் என் வீட்டுக்கு வந்திருக்கான் மேடம்.”