சாம்பிள் அரிசி

பள்ளிவாசலிலிருந்து வந்த ஜகாத் அரிசியைப் பர்வின் திருப்பி அனுப்பிவிட்டாள். ஒரத்தநாட்டுக்குக் குடிவந்ததிலிருந்து கணவனுக்கு வேலை இல்லைதான். அதற்காகக் கை நீட்ட முடியுமா?

மறுநாள் அதே தெரு ஜெக்கரியா ஒரு வெள்ளைச் சாக்கோடு வந்தார்.

"தங்கச்சி, ஒரு ஒத்தாசை. கடைக்குப் புதுசா பொன்னி வந்திருக்கு. வடிச்சுப் பார்த்துச் சொல்லும்மா. நீ சரின்னாத்தான் விக்கணும்."

வேலைக்குக் கூலியாகக் கிடைக்கும் சோறு! பர்வின் கறாராகவே இருந்தாள்.

"குழையுதுண்ணே."

"இது பழைய வாடை அடிக்குதுண்ணே."

ஒவ்வொரு முறையும் அவர் முகம் வாடாமல் வேறு மூட்டை கொண்டுவந்தார்.

இந்தத் தடவை சோறு பூப்பூவாய் வந்தது. நல்ல சேதியை நேரிலேயே சொல்ல, விசாரித்துக்கொண்டு அவர் கடைக்கே போனாள்.

கடை முழுக்கப் பெயிண்ட் டப்பாக்கள். மூலையில் மட்டும் நாலைந்து அரிசி மூட்டைகள். அன்று அவள் திருப்பி அனுப்பியதைப் போலவே, எல்லாவற்றிலும் பள்ளிவாசல் பெயர்.

கல்லாவிலிருந்த ஜெக்கரியா திருதிருவென்று விழித்தார்.

பர்வின் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"அரிசி அருமைண்ணே, தாராளமா விக்கலாம். எங்க வீட்டுக்காரருக்கு வேலை கிடைச்சிருச்சு. அடுத்த சாம்பிளை நம்ம தெருக் கோடி வீட்டுக்குக் கொடுங்க. அவங்களும் சும்மா கொடுத்தா வாங்க மாட்டாங்க."