தலைகுப்புற ஒரு பறவை

அய்ஜமால் தன் கல்யாணத்துக்காகத் தானே நெய்த அலங்கார விரிப்புகள் இரண்டு. முதலில் நெய்த விரிப்பு அக்கா, அடுத்து நெய்த விரிப்பு தங்கை. இரண்டிலும் வரிசை வரிசையாகச் சிவப்புப் பறவைகள். மணப்பெண் ஏறிய ஒட்டகத்தின் வலது விலாவில் அக்காவையும் இடது விலாவில் தங்கையையும் தொங்கவிட்டார்கள். நடுவே ஒட்டகம் மலை மாதிரி இருந்ததால் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்க முடியவில்லை.

ஊர்வலம் கிளம்பியதும் ஜனங்கள் சிரித்தார்கள். "அங்க பாரு, ஒரு பறவை தலைகுப்புறக் கிடக்கு!"

அக்காவுக்கு மானம் போயிற்று. "நான் இல்லைங்க, அந்தப் பக்கம் தொங்குறாளே, அவதான்" என்று எதிரில் வந்த ஆடு, கழுதை ஒன்றையும் விடாமல் சொல்லிக்கொண்டே போனாள். ஒட்டகத்திடமும் சொன்னாள். "கூடப் பிறந்தவளாச்சேன்னு பொறுத்துக்கிட்டு வர்றேன்." ஒட்டகம் அசைபோட்டபடி நடந்தது.

மாப்பிள்ளையின் கூடாரத்தில் இரண்டு விரிப்புகளையும் எதிரெதிரே இழுத்துக் கட்டினார்கள். அக்கா அப்போதுதான் தங்கையை முழுசாகப் பார்த்தாள். அவளிடம் ஒரு பறவைகூடப் பிசகவில்லை. அய்ஜமாலோ நேரே அக்காவிடம் வந்து, அடி ஓரத்துப் பறவைமேல் விரலை வைத்துச் சிரித்தாள். "உன்னை நெய்யும்போது என் கவனம் எங்கே போச்சோ!"

மணப்பெண் நகர்ந்ததும் தங்கை ஆசையாகக் கேட்டாள்.

"வழியெல்லாம் என்னைப் பத்தியே பேசிக்கிட்டு வந்தியாமே அக்கா, ஒட்டகம் சொல்லுச்சு. என்மேல அவ்வளவு பாசமா?"

அக்கா சுருண்டுகொள்ளப் பார்த்தாள். எல்லா மூலையிலும் கயிற்றை இறுக்கிக் கட்டியிருந்தார்கள்.