கதவில் இருந்த பெயர்

கொட்டகைக்குள் அப்பா தன் பழைய மூன்று சக்கர லோடு வண்டியைப் புதுப்பித்துக்கொண்டிருக்கிறார். விரும்பியவனைக் கட்டிக்கொண்டு போன மகள் நான்கு வருடம் கழித்து வாசலில் வந்து நிற்கிறாள். அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. "வெளிச்சம் பத்தல. அந்த லைட்டைப் பிடி," என்கிறார். அப்பா பேசிவிட்டாரே என்று நெஞ்சு நிறைய, பையைப் போட்டுவிட்டு ஓடிப்போய்ப் பிடிக்கிறாள். வண்டிக் கதவில், துருவுக்கு நடுவே, அவள் பிறந்த வாரம் அவரே மஞ்சள் பெயின்டில் எழுதிய அவள் பெயர். உப்புத்தாளை மடித்து முதல் எழுத்தின்மேல் வைத்து சரக் சரக்கென்று தேய்க்கிறார். மஞ்சள் தூள் அவள் விரல்களில் படிகிறது. "அப்பா, அது மட்டும் இருக்கட்டும்ப்பா." "கையை ஆட்டாதம்மா," என்கிறார், சின்ன வயதில் கொஞ்சிய அதே குரலில். "இன்னும் ரெண்டு எழுத்து இருக்கு." அவள் இரண்டு கையாலும் லைட்டை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறாள்.