சாவித் தட்டு

"பொம்பளப் புள்ள தனியா வேலைக்குப் போகுது. கையில எதுவும் இல்லாமயா அனுப்புவ?"

கேட்டுக்கொண்டே கல்யாணசுந்தரம் பெரியப்பா அதை வர்ஷாவின் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். மடக்குக் கத்தி. நேற்று கேம்பிங் கடையில் வாங்கியது.

பெரியப்பாவும் விஜயா பெரியம்மாவும் டெக்சாஸிலிருந்து ஆஸ்திரேலியாவின் கிளென் வேவர்லிக்கு, தம்பி வீட்டுக்கு வந்து ஒரு வாரம் ஆகிறது. இந்த ஒரு வாரத்தில் அவர் இடுப்பைத் தொட்டுப் பார்க்காத நேரமே இல்லை. அங்கே அந்த இடத்தில் துப்பாக்கி இருக்குமாம். சட்டைக்குள்ளே, வெளியே தெரியாமல். லைசென்ஸ் உண்டு. கத்தரிக்காய் வாங்கப் போனாலும் கூடவே போகும்.

"அது இல்லாம வேட்டி கட்டாம வந்த மாதிரி இருக்குடா வாசு" என்பார்.

அவர்கள் மகன் பிரதீப் வரவில்லை. ரெண்டு வருஷத்துக்கு முன்னால் பைக்கிலிருந்து விழுந்து தோள் உடைந்ததாம். அதிலிருந்து அவன் எங்கேயும் வருவதில்லை.

"அண்ணா, இங்க அது கூடாது" என்றார் வர்ஷாவின் அப்பா வாசுதேவன். "தற்காப்புக்குன்னு கத்தி வெச்சிருந்தாலே குத்தம். போலீஸ் இவளைத்தான் புடிக்கும்."

"வெட்ட வர்றவன் மட்டும் சட்டம் படிச்சிட்டு வருவானாக்கும்?"

வர்ஷாவுக்கு நியாயமாகத்தான் பட்டது. பன்னிரண்டாவது முடித்துவிட்டு, மேலே படிக்க மாட்டேன் என்று சண்டை போட்டு வாங்கிய வேலை. திங்கட்கிழமை ட்ருகனினாவில் இருக்கும் ஒரு கிடங்கில் சேர வேண்டும். ஊரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி. வேலை முடிந்து தனியாகத்தான் திரும்ப வேண்டும்.

கத்தியை எடுத்துக்கொண்டாள்.

"தேங்க்ஸ் பெரியப்பா."

"வர்ஷா, அதைத் திருப்பிக் கொடு."

"மாட்டேன்."

பெரியப்பா சிரித்தார். வாசல் பக்கம் கையைக் காட்டினார். செருப்பு அலமாரிக்கு மேலே ஒரு எவர்சில்வர் தட்டு. அதில் கார் சாவி.

"அது என்னடா, சாவியைத் தட்டுல வெச்சு வாசல்லயே வெச்சிருக்க? திருடனுக்கு வெத்தல பாக்கா?"

அப்பாவும் கூடச் சேர்ந்து சிரித்தார்.

அந்தச் சிரிப்பில்தான் வர்ஷாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என்ன சிரிக்கிறீங்க? நிஜமாவே வெத்தல பாக்குதான் வெச்சார் பெரியப்பா. போன ஜூலையில நாலு பேர் பின் கதவை ஒடச்சிட்டு வந்தானுங்க. என் வயசுப் பசங்க. நான் மாடிப்படியில நின்னு பார்த்தேன். அப்பா இறங்கிப் போய் ஒரு சத்தம் போடல. 'சாவி தட்டுல இருக்கு, எடுத்துக்கோங்க, மேல மட்டும் வராதீங்க'ன்னு கெஞ்சினார். ஒருத்தன் போறப்ப 'தேங்க்ஸ் அங்கிள்'னு சொல்லிட்டுப் போனான்!"

"வர்ஷா..."

"வாங்கி மூணு மாசம் ஆகாத கார். போனாப் போகுதுன்னு காபி போட்டுக் குடிச்சார். அதுக்கப்புறமும் அந்தத் தட்டு அங்கயேதான் இருக்கு. இன்னொரு காருக்கு! உங்களுக்கு வெக்கமே இல்லியாப்பா?"

அப்பா சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"பதில் சொல்லுங்க!"

"சாப்பிடும்மா. ஆறிடும்."

"எப்பவும் இதே! பிரதீப் அண்ணா குடுத்து வெச்சவன். அவன் அப்பா இருக்கற வீட்டுக்குள்ள எவனாவது காலை வெக்க முடியுமா?"

ரசம் ஊற்றிக்கொண்டிருந்த விஜயா பெரியம்மாவின் கை அப்படியே நின்றது.

"முடியாதுடி" என்றாள். "எவனும் வர முடியாது. என் புள்ளையாலயே வர முடியல."

"விஜயா" என்றார் பெரியப்பா. குரலில் சிரிப்பு இல்லை.

"அண்ணி, வேண்டாம். விடுங்க" என்று அப்பா எழுந்தே விட்டார்.

"நீங்க உக்காருங்க வாசு. ஒரு வாரமா பார்க்கறேன். நீங்க வாயத் திறக்க மாட்டீங்கன்னு தெரிஞ்சுதானே இவர் இந்த ஆட்டம் ஆடறார்? பெத்த பொண்ணு காறித் துப்புது, அதையும் கேட்டுட்டு உக்காந்திருக்கீங்க!"

பெரியம்மா கரண்டியைப் போட்டாள். வர்ஷாவின் கையிலிருந்து கத்தியைப் பிடுங்கினாள். பெரியப்பாவின் தட்டில், தயிர்சாதத்துக்கு நடுவில் வீசினாள். தயிர் அவர் சட்டையில் தெறித்தது. அவர் துடைக்கவில்லை.

"பிரதீப் பைக்லேருந்து விழலடி. காலேஜ் லீவு, சொல்லாம கொள்ளாம வந்து எங்களை அசத்தலாம்னு வந்தான். சத்தம் வராம கதவைத் திறந்தான். இவர் துப்பாக்கியோட போனார். யாருன்னு ஒரு வார்த்தை கேக்கல. சுட்டுட்டார். குண்டு தோள்ல பாஞ்சுது. இன்னிக்கும் அவனால அந்தக் கையைத் தூக்க முடியாது. இவர் இருக்கற வீட்டுக்கு வரவும் மாட்டேங்கறான்."

வர்ஷா அப்பாவைப் பார்த்தாள். அப்பா அண்ணனைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பெரியப்பா மானம் போகக் கூடாதுன்னு உங்கப்பா உன்கிட்டகூடச் சொல்லல" என்றாள் பெரியம்மா. "அந்த வெத்தல பாக்குத் தட்டு உங்கப்பாவுக்கா தோணுச்சுன்னு நெனச்ச? ஆஸ்பத்திரி வாசல்ல உக்காந்து உங்கப்பாவுக்கு போன் போட்டு, 'டேய் வாசு, சாவியை வாசல்லயே வெச்சிடுடா, வர்றவன் எடுத்துட்டுப் போகட்டும், நீ மட்டும் கையில எதையும் எடுத்துடாதடா'ன்னு கதறினது இவர்தான்டி!"