அரைத் தீவனம்

வந்ததும் வராததுமாக வித்யாலக்ஷ்மி சிவப்பு அட்டைக் கூண்டுகளின் முன்னால் போய் நின்றாள்.

இருபது நாளாக ஆளைக் காணோம். அவள் அம்மாவுக்குக் கழுத்தில் கட்டி. வேலூரில் தங்கிக் கரண்ட் வைத்தார்கள். ரேடியேஷனை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். நேற்றுதான் வீட்டுக்குக் கூட்டி வந்தாளாம். அலைச்சலில் இவளுக்குக் கண்ணெல்லாம் உள்ளே போய்விட்டது.

நான் இந்தக் காலேஜ் எலிக்கூடத்தில் வேலை பார்க்கிற காசியம்மாள். கூண்டு கழுவுவது, தீவனம் அளந்து போடுவது, வாராவாரம் எலிகளை எடை போட்டு நோட்டில் எழுதுவது எல்லாம் என் தலையில்தான். நாற்றம் தாங்காமல் மற்ற பிள்ளைகள் வாசலோடு போய்விடுவார்கள். குருக்கள் வீட்டுப் பெண், இவள் ஒருத்திதான் எலியைக் கையில் தூக்கி வைத்துக்கொண்டு என்னிடம் கதை பேசுவாள்.

அவள் ஆராய்ச்சியே இந்த எலிகள்தான். பச்சை அட்டைக்கு முழுத் தீவனம். சிவப்பு அட்டைக்கு அதில் பாதி. இரண்டுக்கும் ஒரே அளவு கரண்ட் வைத்து, ரத்தம் எப்படி மாறுகிறது என்று பார்க்க வேண்டும்.

போன மாதம் வாலில் குத்தி ரத்தம் எடுத்தாள். பச்சை அட்டை எலிகளுக்கு வெள்ளணு மளமளவென்று இறங்கியிருந்தது. சிவப்பு அட்டைக்கு அவ்வளவாக இறங்கவே இல்லை. அன்றைக்கு என் கையைப் பிடித்துக்கொண்டு அவள் குதித்த குதி இருக்கிறதே!

இன்றைக்குக் குரலே எழும்பவில்லை.

"கரண்ட்ட நிறுத்திட்டாங்கக்கா. அம்மாவுக்கு ரத்தம் ரொம்பக் கம்மியா இருக்காம். ஏறினாத்தான் மறுபடி வைப்பாங்களாம்."

"ஐயோ! நல்லா சாப்பிடச் சொல்லு பாப்பா. முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம்னு எதனா குடு."

அவள் தலையை ஆட்டினாள்.

"பாதிச் சாப்பாடுதான் குடுக்கறேன். ஒரு மாசமா. இதுங்களப் பாத்துட்டுத்தான் ஆரம்பிச்சேன். இன்னும் கொஞ்சம் குறைக்கணுமோ என்னவோ தெரியலக்கா."

கையிலிருந்த தீவனக் கிண்ணத்தைக் கீழே வைத்தேன்.

இவள் அம்மா அபீதகுஜாம்பாளைக் கோயிலில் பார்த்திருக்கிறேன். பிரதோஷம், கிருத்திகை என்று மாதத்தில் பாதி நாள் விரதம் இருந்து பழகிய உடம்பு. படித்த மகள் சொல்கிறாள், இதையும் ஒரு விரதமாக வைத்துக்கொள்வோம் என்று முணுமுணுக்காமல் இருந்திருக்கிறார். டாக்டரிடம்கூட இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லையாம்.

சொன்னால் என் வேலை போகும். போகட்டும், கழுவுவதற்கு வேறு இடமா கிடைக்காது? ஆனால் இந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வேன்?

சொல்லாவிட்டால் அந்த அம்மா செத்துப் போவார்.

"பாப்பா, அதுங்க பட்டினியா இல்ல. நான் சோறு போட்டேன்."

அவளுக்குப் புரியவில்லை. மறுபடியும் சொன்னேன். கிரிவலப் பாதையில் அன்னதானப் பொட்டலம் வாங்கிக்கொண்டுதான் தினமும் வேலைக்கு வருவேன். சாம்பார் சாதம், சுண்டல், சில நாள் கீரை. வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் கூப்பிட்டுச் சோறு போடுகிற ஊர் இது. இந்த வாயில்லா ஜீவன்கள் மட்டும் பசியில் கம்பியைக் கடித்துக்கொண்டு என்னையே பார்த்தால் நான் என்ன செய்ய? முதல் வாரத்திலிருந்தே போட்டேன். பச்சை அட்டை எலிகளுக்கு வயிறு நிறைந்துதானே இருக்கிறது என்று அவற்றுக்குப் போடவில்லை.

சிவப்பு அட்டை எலிகள் கொழுத்துவிட்டன. மாட்டிக்கொள்வேன் என்று பயந்து, நோட்டில் எடையைக் குறைத்து எழுதினேன். பாவி.

திட்டுவாள் என்று நின்றேன். அடித்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன்.

அவள் என்னைப் பார்க்கவே இல்லை. போனை எடுத்தாள். அவசரத்தில் இரண்டு முறை தப்பாக அழுத்தினாள்.

"அப்பா, அம்மாவுக்குச் சாப்பிட ஏதாவது குடுங்கோ. வயிறு நிறையக் குடுங்கோ. இப்பவே!"

குருக்களின் குரல் எனக்கும் கேட்டது.

"நீ கிளம்பினதுலேருந்து நானும் கெஞ்சிண்டுதான் இருக்கேன்டி. ஒரு வாய் கஞ்சிகூட வேண்டாங்கறா. பசிக்கறதே நின்னு போச்சாம்."