ரோஸிக்கு ஒரு மாப்பிள்ளை

தன் பொமரேனியன் ரோஸிக்கு ஜோடியாக நாய்த் தரகன் ரதீஷ் கொண்டுவந்த நாயைப் பார்த்ததும், ஆரியசாலைக் கடைத்தெரு மொத்த வியாபாரி குற்றாலலிங்கம் சீறினார்.

“ஏலே, இது எங்க ரோஸியோட அம்மா கூடப்பொறந்த நாயில்லா? இதையா அவளோட சேக்கப் பாக்க?”

“அதுக்கென்ன அண்ணாச்சி? நல்ல ஜாதியாக்கும். குட்டிக்கு நல்ல வெலை கிட்டும்.”

“ஒரே ரத்தம்லே! குட்டி குருடாவோ நொண்டியாவோ பொறந்தா? காசுக்காக இந்தக் காரியம் பண்றவன் மனுசனா? போலே வெளியே!”

ரதீஷ் நாயோடு போய்விட்டான்.

ரோஸியை மடியில் வைத்திருந்த மகள் திவ்யலட்சுமி மெல்லக் கேட்டாள்:

“அப்பா, எனக்குப் பேசியிருக்கதும் அம்மா கூடப்பொறந்த மாமாவத்தானே?”

“வாய மூடு! உன்னய வெளிய கட்டிக் குடுத்தா கடையில பாதி போயிரும். ஏட்டி, நாயும் நீயும் ஒண்ணா?”