வெள்ளிப் பூச்சு

மகளின் நிச்சயதார்த்த விருந்துக்காக எதிர்வீட்டுப் பரிபூரணத்திடம் இரவல் வாங்கிய கேஸ் அடுப்பைத் தணிகாசலம் கொல்லையிலேயே மறந்துவிட்டார். நான்கு நாள் மழையில் அதன் மேல்தகடு முழுவதும் துரு ஏறியிருந்தது. உப்புத்தாளால் தேய்க்கப் பொறுமையில்லாமல், துருவின் மேலேயே வெள்ளிநிறப் பெயின்டைப் பூசித் திருப்பிக் கொடுத்தார்.

“பழசைக் கொடுத்தேன், புதுசா வந்திருக்கே அண்ணே!” என்று அவள் சிரித்தாள். துருவிக் கேட்டிருந்தால் அப்போதே உண்மையைச் சொல்லியிருப்பார். அவள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

பதினைந்தாம் நாள் மத்தியானம் அவள் அடுப்பைச் சுமந்துகொண்டு வாசலில் வந்து நின்றாள். சூட்டில் பூச்சு பொரிந்து உரிந்து, அடியிலிருந்த துரு வெளியே தெரிந்தது. குட்டு உடைந்துவிட்டது என்று நினைத்தார்.

“கோவிச்சுக்காதீங்கண்ணே. பால் பொங்கி வழிஞ்சதை உடனே துடைக்காம விட்டுட்டேன். நீங்க ஆசையாப் பண்ணிக் கொடுத்ததைத் துருப்பிடிக்க வச்சுட்டேன். ‘நல்ல பொருள் உன் கையில தங்குமா’ன்னு எங்க வீட்டுக்காரர் மூணு நாளா ஏசுறார். மிச்சப் பெயின்ட் இருந்தா, அவர் வர்றதுக்குள்ள பூசிக் கொடுங்களேன்.”

அலமாரியில் பெயின்ட் டப்பாவும், பிரிக்காத உப்புத்தாளும் அருகருகே இருந்தன. தணிகாசலத்தின் கை டப்பாவரை போய்த் திரும்பியது.

“எத்தனை மணிக்கு வருவார்?”

“அஞ்சு மணிக்கு. அதுக்குள்ள முடிஞ்சிடுமா?”

“முடியாதும்மா,” என்று உப்புத்தாளை எடுத்துக்கொண்டார். “அவர் வரட்டும். அவர் கண் முன்னாலதான் இதைத் தேய்க்கணும்.”

ஏன் என்று அப்போதும் அவள் துருவிக் கேட்கவில்லை.